கராஜுக்குள் பறந்த வெண்கட்டியர்

ஒஸ்லோவில் தரையை விட்டு ஒரு அடிகூட எழும்பாமல் நாடு முழுக்கப் பறந்த ஒரே மனிதர் எங்கள் வெண்கட்டியர்தான். புருசெத்தில் எங்கள் கட்டடத்தில் இருந்தார். பகலெல்லாம் சுரங்க ரயில் ஓட்டுவார். வேலை முடிந்ததும் நிலக்கீழ்க் கராஜுக்கு வந்து, தரையில் வெண்கட்டியால் விமானம் வரைவார்.

பெட்டியில் துண்டு துண்டாக வரும் விமானம் ஒன்றை வாங்கித் தானே பூட்டி, றோட்டே போகாத மலைக்குள், ஆற்றங்கரைக் கல்லில் இறங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எதை வாங்குவது என்பதுதான் பிரச்சினை. படங்களை நம்பமாட்டார். ஒவ்வொன்றையும் முழு அளவில் கீறிப் பார்த்தால்தான் மனம் ஆறும்.

"மூக்கிலை சில்லு வேண்டாம் தம்பி, கல்லிலை கொழுவும். செட்டை தலைக்கு மேலை இருக்க வேணும். அப்பத்தான் கீழை வடிவாத் தெரியும்."

"இஞ்சை கீழை என்ன அண்ணை தெரியுது?"

"எண்ணெய்க் கறை."

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றில் ஒரே இருக்கை. பாரம் குறைவு, சின்ன இடத்திலும் நிற்கும். மற்றதில் பக்கத்துப் பக்கமாக இரண்டு.

"உங்களோடை ஆர் வரப்போகினம்? ஒற்றையை எடுங்கோவன்" என்றேன்.

"பக்கத்திலை ஆள் இல்லாட்டி, பாத்ததை ஆருக்குத் தம்பி சொல்லுறது?"

வெண்கட்டிக் கோட்டுக்குள் இரண்டு குசினி ஸ்டூல்களை வைத்து, கார் எடுக்க வந்த எல்லோரையும் "ஒருக்கா இருந்து பாருங்கோ" என்று கேட்டார். ஒருவரும் இருக்கவில்லை. காரணம் விளக்குகள். ஆள் அசைந்தால் மட்டும் எரிகிற விளக்குகள் அவை. அவருடைய விமானத்துக்கு மேலே மட்டும், ஆளே இல்லாதபோது, வாலிலிருந்து மூக்குவரை ஒன்றன்பின் ஒன்றாக எரியும். ஏதோ ஒன்று ஓடி வேகம் எடுப்பதுபோல. மின்வேலைக்காரர் வந்து பார்த்தார். பிழை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கருவிப்பெட்டியை விட்டுவிட்டுப் போனார். அதை எடுக்க அவர் திரும்பி வரவேயில்லை.

வசந்தம் வந்தால் டுக்னாட். கட்டடத்தார் எல்லோரும் சேர்ந்து கராஜைக் கழுவுவோம். "அதுக்குள்ளை ஒருத்தரும் இருக்காட்டி, ஒற்றைக்கே ஓடர் சொல்லிவிடுறன்" என்றார் வெண்கட்டியர்.

"போய் இருங்கோவனப்பா, அந்த மனிசன்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு" என்றாள் என் மனைவி. "ஆனா திரும்பி வாங்கோ."

டுக்னாட்டுக்கு முதல்நாள் அவருக்கு லீவு. மத்தியானம் போய் வலப்பக்க ஸ்டூலில் இருந்தேன். இருவரும் அசையவில்லை. விளக்குகள் அணைந்தன.

"எழும்புறம்" என்றார்.

முகத்தில் குளிர்காற்று அடித்தது. கராஜ் கதவோ பூட்டியிருந்தது. பிறகு என் இரண்டு காதும் அடைத்தன.

"எச்சிலை விழுங்கும் தம்பி. மலைக்கு மேலை வந்திட்டம்."

விழுங்கினேன். என் சப்பாத்துக்குக் கீழே, வெகு ஆழத்தில், வெள்ளையாக ஒன்று வளைந்து வளைந்து போனது.

"தெரியுதோ?"

"ஓம் அண்ணை. ஆறு."

"அப்ப எனக்கு மட்டுமில்லை" என்றார்.

ஸ்டூல் கல்லில் உருள்வதுபோலக் கடகடவென்று ஆடியது. பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். அசைந்ததும் விளக்கு எரிந்தது. கோடு, கறை, ஸ்டூல், எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன.

பொழுதுபட்டும் என் காது திறக்கவில்லை. வேண்டுமென்றே கேளாததுபோல் இருக்கிறேன் என்று மனைவி சண்டை பிடித்தாளாம். எனக்கு அது அடுத்தநாள்தான் தெரியும்.

வெண்கட்டியர் இரண்டு இருக்கைக்கே சொல்லிவிட்டார். இப்போது ஒஸ்லோவுக்கு வெளியே, ஸ்ட்ரோம்மன் தாண்டி, ஒரு கொட்டிலில் அதன் துண்டுகளைப் பூட்டுகிறார். வீடும் அந்தப் பக்கமே மாறிவிட்டார். கராஜில் கோடு ஒன்றும் மிச்சமில்லை, நானே குழாய் பிடித்துக் கழுவினேன். ஆனாலும் சில நாள், நான் காரைப் பூட்டித் திரும்பும்போது, அந்த விளக்குகள் வாலிலிருந்து மூக்குவரை எரியும். நான் ஓடுவதில்லை. போய் வலப்பக்கத்தில் நிற்பேன். இடப்பக்கம் அண்ணையின் இடம்.