அனுமதிக் குழுக்களும் முழங்கால் தண்ணீரும்

குடிநீர் அலுவலகத்தின் கோப்புகள் ஆளுக்கொரு கணினியில் சிதறிக் கிடப்பது நிர்வாகத்துக்கு அழகல்ல என்று மேலதிகாரி திருவாய் மலர்ந்தருளினார். எல்லாவற்றையும் ஒரே பொதுச் சேமிப்பகத்தில் போட்டுவைக்க, வெளியிலிருந்து ஒரு கணினிப் பொறியாளரை வரவழைத்தார்கள்.

அந்தப் பெண் பாவம், வேலையைச் சுருக்கமாக முடிக்கப் பார்த்தாள்.

"ரெண்டு குழு போதும் சார். ஒண்ணு படிக்கறவங்க. இன்னொண்ணு திருத்தறவங்க."

"தட்டச்சர் எதுல?"

"திருத்தறவங்கள்ல."

"நான்?"

"நீங்க படிச்சா போதுமே சார்."

மேலதிகாரியின் முகம் தொங்கிப்போயிற்று. தட்டச்சருக்கு உள்ள அதிகாரம் தமக்கில்லையா? உடனே இரண்டு குழுவிலும் சேர்ந்தார். "அப்ப நான் மட்டும் என்ன இளிச்சவாயனா?" என்று கணக்கரும் சேர்ந்தார். வாரக் கடைசிக்குள் எல்லாரும் எல்லாக் குழுவிலும் இருந்தார்கள். துணை அதிகாரி தம் வீட்டு வாசலில் 'திருத்தும் அனுமதி பெற்றவர்' என்று பலகையே மாட்டிவிட்டார்.

எல்லாருக்கும் கிடைத்தது கௌரவமாகுமா? மேலதிகாரி ஆணையிட்டார்: "படிக்கறவங்க குழுவுக்கும் திருத்தறவங்க குழுவுக்கும் தடை போடும்மா. எனக்கு மட்டும் முழு அனுமதி."

"நீங்களும் அந்தக் குழுக்கள்ல இருக்கீங்களே சார். தனி அனுமதி இருந்தாலும் தடைதான் செல்லும்."

"தடை அவங்களுக்கு. எனக்கு எப்படிம்மா வரும்?"

தடை போட்டாள். வெளியாள் உள்ளே இருப்பது பாதுகாப்பல்ல என்று அன்றைக்கே அவள் கையாலேயே அவளுடைய அனுமதியையும் நீக்கவைத்தார்கள்.

மறுநாள் குழாய்ப் பணியாளர் சொட்டச் சொட்ட நனைந்து ஓடிவந்தார். "சார், பெரிய குழாய் வெடிச்சிருச்சு! வால்வு எங்க புதைஞ்சிருக்குன்னு வரைபடத்தைப் பாத்துச் சொல்லுங்க!"

வரைபடம் சேமிப்பகத்தில் மட்டுமே இருந்தது. 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை. கணக்கரிடமும் அதையே சொன்னது. மேலதிகாரி தம் பதவியைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். திரை மசியவில்லை. பொறியாளருக்குப் போன் போட்டார்கள்.

"என்னையும்தான் வெளியே தள்ளிட்டீங்களே சார்" என்றாள்.

தெருவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அடுப்படிகளில் பாத்திரங்கள் மிதந்தன. தலைமையகமோ, ஒரு தகவல்கூடக் கசியாமல் காத்ததற்காக மேலதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

தெருக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒன்றாகப் புகார் கொடுக்க, தண்ணீரில் நின்றபடியே போனில் ஒரு குழு தொடங்கினார்கள். அதில் யார் அட்மின் என்று சண்டை வந்தது. அது தீரும்வரை ஒருவரும் எதுவும் பதிவிடக்கூடாது என்று முதல் தீர்மானம் போட்டார்கள்.