எண்பதில் எழுதிய பக்கம்

பொம்மசந்திரா,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை மெர்சிக்கு அண்ணன் பீட்டர் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு மகள் லவினா சுகம், மாப்பிள்ளை டெரிக் சுகம், நானும் சுகம். கார் மட்டும் சுகமில்லை. தங்கவயலில் உன் கண்ணும் மூட்டும் எப்படி இருக்கின்றன?

முதலில் என் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. வரி மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது, 'ழ' போட்டால் அதன் வால் பக்கத்து எழுத்தைப் போய் இடிக்கிறது. எழுபத்திரண்டு வயதில் கோயில் கூடத்து வகுப்பில் கற்றது இவ்வளவுதான். ஆனாலும் மெர்சி, இது என் கையால் உனக்கு எழுதும் முதல் கடிதம்! சமையலறை மேஜையில் ஞாயிறு மாலை தொடங்கினேன், இன்று செவ்வாய். பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். உன்னுடைய ஒரு கண்ணுக்கும் என் கைக்கும் அதுதான் தோது.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை உனக்குக் கண் ஆபரேஷன். சர்க்கரை ஏறியதால் இரண்டு முறை தள்ளிப்போனது, இனியும் தள்ளினால் டாக்டர் கோபப்படுவார். உன்னை அழைத்து வர டெரிக் ஞாயிறன்று காரோடு வருவான். வந்தால் நீ ஏறாதே. ரயிலில் வருகிறேன் என்று சொல்லிவிடு. போன தடவை போர்டு தெரியாமல் நடுவழி ஸ்டேஷனில் இறங்கி நின்றாய், எனக்கு மறக்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரையாவது கூட்டிக்கொள். எப்படியும் அந்தக் காருக்கு ரயில் மேல்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். வேகம் எழுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் குளிர் ஜுரம் வந்ததுபோல் நடுங்கும். சக்கரம் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் லேசாகவும் இருப்பதால் வரும் நடுக்கமாம். கடையில் மெஷினில் சுற்றிப் பார்த்து ஓரத்தில் ஈயக் கட்டி வைத்துக் கொடுத்தார்கள். நாலே நாளில் இரண்டு கட்டி எங்கேயோ விழுந்துவிட்டது. டெரிக் போய்ச் சண்டை போட்டு, இனி அந்தக் கடை வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லி வந்துவிட்டான். அன்றிலிருந்து போனில் வீடியோ பார்த்து அவனே வைத்தியம் செய்கிறான். அதோடு நின்றால் பரவாயில்லை. ஒரு நாள் நான் பின் சீட்டில் வகுப்புப் பாடம் எழுதிக்கொண்டு வந்தேன். இறங்கியதும் நோட்டை வாங்கி, வரியெல்லாம் நெளிந்திருப்பதைப் பார்த்தவன் கண் பளபளத்தது. அவன் ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங் பார்ப்பவன், எதுவும் பேப்பரில் இருந்தால்தான் நம்புவான். "மாமா, ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு என் கைக்குப் பழகிப் போச்சு. அத நம்ப முடியாது. உங்க கை பொய் சொல்லாது. இனிமே நீங்கதான் மீட்டர்" என்றான்.

அப்படித்தான் நான் மீட்டர் ஆனேன். ஒவ்வொரு வைத்தியம் முடிந்ததும் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலையில் ஏற்றுவான். நாற்பதில் ஒரு வரி, அறுபதில் ஒரு வரி, எண்பதில் ஒரு பக்கம். மெர்சி, இருபத்தெட்டு வருஷம் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கியவன் நான். அங்கே பயந்ததில்லை, ஏனென்றால் அங்கே இருட்டு, எவ்வளவு ஆழம் என்று தெரியாது. இங்கே எல்லாம் வெயிலில் பளிச்சென்று தெரிகிறது. கீழே போகிற பஸ்ஸின் கூரையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு வரைக்கும் தெரிகிறது.

முதல் வைத்தியம் நான் சொன்னது. சுரங்கத்து ஒர்க்ஷாப்பில் சாணைக்கல்லைக் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவோம், கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும், அதற்கு நேர் எதிரே ஈயம் வைப்போம். அதே மாதிரி இரண்டு ஸ்டூலுக்கு நடுவே குழாய் போட்டு ஒவ்வொரு சக்கரமாகத் தொங்கவிட்டோம். மாடி வீட்டுச் சந்திரம்மா எட்டிப் பார்த்து "ஏனு அங்கிள், சக்கர பூஜையா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். ஈயம் ஒட்டியபின் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கனம் என்று ஒரு பக்கமும் இறங்கவில்லை, எந்த இடத்திலும் நின்றது. டெரிக் ஓட்டிப் பார்த்து, "எனக்கு ஸ்டியரிங் சும்மாதான் இருக்கு மாமா. ஆனா உங்க பேப்பர்ல ஆடுதே!" என்றான். என் வைத்தியம் தோற்றது.

அடுத்தது, டயருக்குள் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளைக் கொட்டுவது. சக்கரம் சுழலும்போது லேசான பக்கத்தைத் தேடி அவையே போய் உட்காருமாம். பார்சல் வரத் தாமதமானது. டெரிக்குக்குப் பொறுமை ஏது? லவினா களிக்கு வைத்திருந்த ராகியை எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய்விட்டான். காற்றடிக்கிற குழாயில் தண்ணீர் இருந்திருக்கிறது, ஒரு வாரம் வெயில் வேறு. கடைக்கார ராகேஷ் டயரைக் கழற்றியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சார் இது, உள்ள கூழ் காச்சி வெச்சிருக்கீங்க? ஒரு பச்ச மொளகா குடுங்க, குடிச்சிட்டே வேலை பாக்கறேன்" என்றான். வீட்டில் லவினா, "டயருக்கு ராகி, எனக்கு என்னங்க, காத்தா?" என்று கேட்டாள்.

பிறகு நிஜமான மணிகளும் வந்தன, போட்டான். மெதுவாகப் போனால் காருக்குள் மழை பெய்கிற சத்தம். எண்பதில் என் எழுத்து அப்போதும் நெளிந்தது. நான் என்ன எழுதினேன் என்று கேட்கிறாயா? 'மாப்பிள்ளை மெதுவாகப் போ, மாப்பிள்ளை மெதுவாகப் போ' என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். வாயால் சொல்ல நாக்கு எழவில்லை. அவன் அதைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்த்து, "இந்த எழுத்தப் பாருங்க, எப்படி நெளியுது!" என்றான். அவன் படித்ததெல்லாம் இங்கிலீஷும் கன்னடமும். லவினாவும் அப்படியே. இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் மெர்சி!

இப்போது என் பயம் என்னவென்றால், சனிக்கிழமை நாலு டயருக்குள்ளும் ஏதோ கோந்து மாதிரி ஒன்றை ஊற்றப்போகிறான். சோதனை நேரே உன்னை ஏற்றிக்கொண்டு வரும்போதுதானாம். "ஆன்ட்டி டீச்சராச்சே, அவங்க எழுத்து இன்னும் கரெக்டா காட்டும்" என்று உனக்கும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறான். நூறு கிலோமீட்டர், கோந்து டயர், ஒற்றைக் கண். நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. ரயிலில் வா.

ஆண்டவர் உன்னையும், உன் கண்ணையும், நீ ஏறும் ரயிலையும் காக்கட்டும்.

அன்பு அண்ணன்,
பீட்டர்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன் ஆசையாக நோட்டுப் பக்கங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். எண்பதில் எழுதியதும் இந்த மேஜையில் எழுதியதும் ஒரே மாதிரி நெளிகின்றன! ஆடியது கார் இல்லை, நான். சாணைக்கல் வைத்தியத்தன்றே கார் சரியாகிவிட்டது. எனக்காக அந்தப் பிள்ளை எத்தனை முறை டயர் கழற்றினான்! சொல்லப் பயந்து, உண்மையை ஒரு பக்கம் எழுதி அவன் கையில் கொடுத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இது எந்த ஸ்பீடு மாமா?" என்றான். "சைபர்" என்றேன். குனிந்து மேஜைக் காலை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. பிறகு என் கையைப் பார்த்தான். இப்போது கோந்து டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறான், மணிகளையும் எடுத்துவிடுவானாம். அதனால் ஞாயிறன்று பயப்படாமல் காரில் ஏறு. வேகம் அதிகமானால் நீ வாயாலேயே சொல்லிவிடு, எழுதிக் காட்டாதே. அடுத்த வாரம் உன் கண் கட்டு பிரிக்கும் அன்று இன்னொரு கடிதம் எழுதுகிறேன். நீ இங்கே பக்கத்து அறையில்தான் இருப்பாய், இருந்தாலும் எழுதுவேன். புதுக் கண்ணால் முதலில் அதைப் படி.