தெரியாததற்குப் பத்து விழுக்காடு

நானூற்று எண்பத்தாறு வெள்ளி ஐம்பது காசு. லிட்டில் இந்தியாவில் பஞ்சவர்ணம் அக்காவின் சாப்பாட்டுக் கடைக்குச் சுந்தரேசன் தர வேண்டிய பாக்கி அது. மாதக் கடைசியில் அவனுக்கு வேலை பெர்மிட் முடிகிறது. ஊருக்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. பாக்கி வைத்துவிட்டு ஓடியவர்களின் பெயர்களை அக்கா குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். பதினேழு பெயர்கள். பதினெட்டாவதற்கு இடம் இருந்தது.

“கையில என்னடா இருக்கு?”

“டைல்ஸ் ஒட்டத் தெரியும்கா. வேற என்ன இருக்கு?”

“உன் கம்பெனிய விட்டு வேற எடத்துல நீ கைய வெச்சா பெர்மிட்டுக்கு ஆபத்து. கடைத் தரைய மாத்தணும். எஸ்டிமேட் மட்டும் போட்டுக் கொடு. மூவாயிரத்துக்குள்ள அடக்கிக் காட்டு, பாக்கிய அடிச்சிடறேன்.”

பன்னிரண்டு வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறவன். அரை மணியில் அளந்து, இரண்டாயிரத்து எழுநூறு என்று எழுதினான். பெயர் தப்பித்தது என்ற நிம்மதியோடு கிராஞ்சியில் இருக்கும் தங்கும் விடுதிக்கு பஸ் ஏறினான்.

செவ்வாய்க்கிழமை ஃபோர்மன் அவனிடம் டைல்ஸ் மாதிரிகளைக் கொடுத்து ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்கு அனுப்பினார். அங்கே ஒரு சுவர் முழுக்கத் தாள். இன்னும் அஸ்திவாரமே தோண்டாத பள்ளிக்கூடம். ஆனால் அதன் மூன்றாம் மாடிக் கழிவறைக் கதவின் கைப்பிடிக்கு விலை எழுதியிருந்தது. எந்த வாரம் மாட்டுவது என்றும் இருந்தது. சுந்தரேசன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அருகில் போனான்.

“இந்த நீலக் கட்டமெல்லாம் என்னம்மா?” என்று செலவுக் கணக்கு பார்க்கும் நிரஞ்சனாவைக் கேட்டான்.

“மழைண்ணே. பதினோரு நாள்.”

“இன்னும் வரவே இல்லியே!”

“வரும்லா. அதுக்கு முன்னாடியே ஷெட்யூல்ல வெச்சிடணும்.”

“அடியில பத்து பர்சென்ட்னு இருக்கே?”

“அது என்ன செலவுன்னே தெரியாத செலவுக்கு. வரலைன்னா ஓனருக்கு மிச்சம்.”

அவன் சுவரை மேலிருந்து கீழே இன்னொரு முறை படித்தான். இத்தனை வருடம் அவன் சுமந்த ஒவ்வொரு மூட்டையையும் யாரோ இங்கே உட்கார்ந்து முன்பே எண்ணியிருக்கிறார்கள். அவன் நனைந்த மழையைக்கூட.

ஞாயிற்றுக்கிழமை தன் எஸ்டிமேட்டைத் திருத்தக் கடைக்கு வந்தான். பழைய தரையை உடைக்கும் கூலி, குப்பை அள்ள லாரி எல்லாம் விட்டுப்போயிருந்தன. சேர்த்தான். மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

“என்னடா ஏறுது?”

“இறக்கிடலாம்கா. உடைக்காம பழசு மேலயே புதுச ஒட்டிடலாம்.”

அடுத்த ஞாயிறு அளந்து பார்த்தால், தரை ஓர் அங்குலம் உயர்கிறது. உயர்ந்தால் கதவு திறக்காது, அறுக்க வேண்டும். சமையலறைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் சாப்பிடுகிறவன் காலுக்கு வரும். வழியை மாற்ற வேண்டும். நாலாயிரத்து முந்நூறு.

மூன்றாம் ஞாயிறு, ஆபீசில் பார்த்ததுபோலவே கட்டம் போட்டு நாள் கணக்கு எழுதினான். வேலைக்கும் காய்வதற்குமாக மூன்று நாள் கடையை மூட வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு வெள்ளி வியாபாரம் போச்சு.

“மூணு நாளா? நூத்தம்பது பேரு எங்கடா போய்ச் சாப்பிடுவானுங்க?”

ஆறாயிரத்து எழுநூறு. நிரஞ்சனாவின் பத்து விழுக்காட்டை விட்டுவிடவும் மனம் வரவில்லை. ஏழாயிரத்து முந்நூற்று எழுபது. திருத்த வந்த மூன்று ஞாயிறும் அங்கேயே சாப்பிட்டதில் பாக்கியும் ஐந்நூற்று நான்கு வெள்ளி ஐம்பது காசாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை விமானம். சுந்தரேசன் குளிர்பெட்டிப் பக்கம் பார்க்காமல் தாளை நீட்டினான்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியில் விரலை வைத்தாள். “இது என்னடா, ‘தெரியாதது’?”

“பெரிய ஆளுங்க வித்தைக்கா. எது கெடும்னு தெரியாது, ஆனா ஏதோ ஒண்ணு கெடும்னு தெரியும். அதுக்கு முன்னாடியே காசு எடுத்து வெக்கிறாங்க. நமக்கெல்லாம் இந்த மூளை வருமா?”

அக்கா தாளை மடித்து வைத்தாள். குழம்பு கிண்டிக்கொண்டிருந்த கடைப் பையன் சக்தியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து, சுந்தரேசனின் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

“தரை இப்படியே கெடக்கட்டும். மூணு வாரம் முட்டி தேய அளந்தியே, அது போதும். நல்லபடியா ஊர் போய்ச் சேரு.”

“ஐந்நூறு வெள்ளிக்கா! உங்களுக்கு நட்டமில்லியா?”

சக்தி கரண்டியை நிறுத்தாமல் சொன்னான்:

“என்ன நட்டம்ணே? ஓடிப்போறவனுக்குன்னு தட்டுக்கு இருபது காசு, கடை தொறந்த நாள்லேருந்து அக்கா எல்லார்கிட்டயும் சேத்துத்தான் வாங்குறாங்க. உங்ககிட்டயுந்தான்.”