நாற்காலிகளின் உள்மனம்

“கால் வலிச்சா எதுக்குப்பா படம் வரையணும்?” என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். நூற்றாண்டின் மாபெரும் சிகிச்சை முறையையே அசைத்துப் பார்க்கும் கேள்வி. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து அவள் வாயை அடைத்தேன்.

நான் வகுப்பு நடத்தும் இடத்தின் பெயர் ‘சமூக நல்வாழ்வுக்கான பண்பாட்டு உணர்வுள்ள ஓவிய சிகிச்சை மையம்’. பெயர்ப்பலகை எழுதியவருக்கே மூச்சு வாங்கியது. எங்கள் கூடத்தில் நாற்காலி கிடையாது. அனைவரும் தரையில் வட்டமாக அமர வேண்டும். அதற்கு ‘மண்ணோடு உறவு’ என்று பெயர். கீழே இருப்பது டைல்ஸ்தான். இந்தத் தீர்மானத்தை நிர்வாகக் குழு சுழல் நாற்காலிகளில் அமர்ந்து ஒருமனதாக நிறைவேற்றியது.

முதல் நாளே ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் என்னிடம் வந்தார்.

“தம்பி, ஒரு நாற்காலி கிடைக்குமா? முட்டி மடங்க மாட்டேங்குது.”

“மனசுல இருக்கறதை வாயால சொல்லாதீங்கம்மா,” என்றேன் கருணை ததும்ப. “வரைஞ்சு காட்டுங்க.”

சுவரில் சாய்ந்து நின்றபடியே வரைந்தார். நாற்காலி. அடுத்த வாரமும் நாற்காலி. பிறகு கை வைத்தது, மடக்குவது, மெத்தை போட்டது.

“அதிகார வேட்கை,” என்றார் இயக்குநர் மேடம்.

“மறைந்த கணவர் விட்டுப்போன வெற்றிடம்,” என்றேன் நான்.

இரண்டையும் ஏற்று, ‘காத்திருக்கும் வெறுமை’ என்ற தலைப்பில் கண்காட்சியே வைத்துவிட்டோம். பார்க்க வந்த என் மகளின் கன்னத்தைத் தடவினார் நர்ஸம்மா.

“இவளா அது? நீ பொறந்த அன்னிக்கு எங்க பிரசவ வார்டுல உங்கப்பா மயங்கி விழப் பாத்தாரு பாப்பா. என் நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டேன். அன்னிக்குப் பூரா நின்னுக்கிட்டேதான் வேலை பாத்தேன்.”

“நாற்காலி வேணும்னு அப்பா வரைஞ்சு காட்டினாரா?”

“எதுக்குடி வரையணும்? மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுதே.”

பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார். “இனிமே வரமாட்டேன் தம்பி. வீட்ல பேச ஆளில்லையேன்னுதான் வந்தேன். முட்டி ஒத்துழைக்கல.”

“இன்னும் ஒரே ஒரு வாரம் வாங்கம்மா,” என்றேன்.

அடுத்த வாரம் காவலாளி வருவதற்கு முன்பே கூடத்தைத் திறந்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலியை ஜன்னலோரம் வைத்தேன். ஒரு மெத்தையும் போட்டேன். வெளியே போய், எல்லோருக்கும் கடைசியாக, ஒன்றும் அறியாதவன்போல் உள்ளே வந்தேன்.

நர்ஸம்மா நாற்காலியில் அமர்ந்திருந்தார். தூரிகையைத் தொடவே இல்லை. பக்கத்திலிருந்த தையற்காரம்மாவோடு வகுப்பு முடியும்வரை பேசிச் சிரித்தார்.

“சிகிச்சை தோத்துப்போச்சு சார்,” என்றார் மேடம் கவலையோடு. “ஒரு கோடுகூடப் போடல. அந்த நாற்காலியை யார் வெச்சது?”

“தெரியலையே மேடம்.”

பொய்தான். கடவுள் பொறுத்துக்கொள்வார், இத்தனை நாளும் நான் சொன்ன ‘உண்மை’களையே பொறுத்துக்கொண்டவர் அவர்.

இப்போதெல்லாம் வீட்டில் நான் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். என்ன புதுப்பழக்கம் என்று மனைவி கேட்டாள். “மண்ணோடு உறவு,” என்றேன்.

முட்டி வலிக்கத்தான் செய்கிறது. இதுவரை எதையும் வரையத் தோன்றவில்லை.