அந்தப் பெயரில் ஒருத்தி இருந்தாள்

பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் வீட்டில் குழந்தை பிறக்கும் வரை அவர் சாதாரண மனிதரைப் போலத்தான் நடமாடுவார். தேநீர் குடிப்பார், மழையைத் திட்டுவார், பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி உங்கள் வாசலுக்கு நகர்ந்து வந்த கதையைச் சொல்வார். குழந்தை பிறந்து, நீங்கள் பல நாள் யோசித்து, மனதுக்குப் பிடித்த ஒரு பெயரைக் கண்டுபிடித்து, அதை அவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும். ஒரு நொடி பேச மாட்டார். ஒரு புருவம் மட்டும் மேலே போகும். பிறகு, "நல்ல பேரு," என்பார். கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஆனா..." என்பார்.

அந்த ‘ஆனா’வோடு உங்கள் குழந்தையின் பெயர் முடிந்தது.

இந்த இனம் எங்கேயும் உண்டு. ஆனாலும் மீர்ப்பூரிலிருந்து கிளம்பி இங்கிலாந்தின் கீத்லியில் வந்து நனைந்துகொண்டிருக்கும் எங்கள் ஆட்களிடையே அது செழிப்பதுபோல வேறெங்கும் செழிக்காது. காரணம் எளிது. ஊரில் ஒரு பெயருக்கு ஒரே எதிரி, சொந்தக்காரர்கள். இங்கே வெள்ளைக்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். இங்கே பிறக்கும் பெண்ணின் பெயர் பள்ளிவாசலில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் கேலிக்கு இடம் கொடுக்கக் கூடாது, இமாம் அர்த்தம் கேட்டால் விழிக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரி கூப்பிடும்போது துண்டு துண்டாக உடையக் கூடாது, விமான நிலையத்தில் யாரையும் பதறவைக்கக் கூடாது, நாளைக்கு வேலைக்கு மனுப் போட்டால் அடுக்கின் அடியில் போய் ஒளியக் கூடாது, ஊரில் இருக்கும் பெரியப்பா மகளின் பெயரைவிட அழகாகவும் இருந்துவிடக் கூடாது. இப்படி ஒரு பெயர் உலகத்தில் உண்டா? இல்லை. இல்லாத பொருளைத் தேடும் கூட்டத்தில் முகம் சுளிப்பவர்தான் ராஜா.

கீத்லியில் ராணி. அவளை எல்லாரும் பூபி என்பார்கள். மருந்துக் கடைக்காரன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். பூபி என்றால் அப்பாவுடன் பிறந்த அத்தை. குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமை அதன் பூபிக்கு என்பது வழக்கம். டாக்ஸி ஓட்டும் வகாஸுக்கு அக்கா தங்கை கிடையாது. ஆகவே அவன் மகளுக்குப் பெயர் வைக்கும் உரிமை ஒரு தலைமுறை மேலே ஏறி, அவன் அப்பாவின் தங்கையான இந்தப் பூபியின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தாயில்லாத வகாஸைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். அவளைத் தாண்டி அவன் ஒரு சட்டை வாங்கியதில்லை, பெயரா வாங்கிவிடுவான்?

இதை முதலில் புரிந்துகொண்டவள் வகாஸின் மனைவி ஸனோபர். பிரசவம் முடிந்து குழந்தையோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, மாத்திரைப் பை, தொழுகை விரிப்பு, சொந்தத் தலையணை சகிதம் பூபி கூடத்தில் அமர்ந்திருந்தாள். தலையணையோடு வருகிறவர்கள் சீக்கிரம் போகிறவர்கள் அல்லர்.

ஸனோபர் அதிகம் பேசுகிறவள் அல்ல. அவளுக்கு இருந்தது ஒரே ஓர் அவசரம். மீர்ப்பூரில் தங்கை ரிம்ஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கட்டிக்கொடுத்து இங்கே வந்தபின் ஸனோபர் ஒருமுறைகூட ஊருக்குப் போனதில்லை. போக வேண்டுமானால் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் பெயர் வேண்டும். ஆறு வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். சட்டத்துக்குப் பூபியைத் தெரியாது.

ஏழாம் நாள் முடி இறக்கியபோது வகாஸ் வாழ்க்கையில் முதல்முறையாகத் துணிந்து, ‘ஸஃபூரா’ என்று ஒரு பெயரை வைத்தான். அன்று மாலையே குழந்தை காலை மடக்கிக்கொண்டு வீறிட்டது.

"பேரு கனம்," என்றாள் பூபி. "புள்ள தாங்கல."

"காத்து பூபி. வயித்துல காத்து. நர்ஸு சொன்னா."

"நர்ஸு பேரு என்ன?"

"டெபி."

"பாத்தியா? ஊதுனா பறக்கற பேரு. அவளுக்கு என்ன தெரியும் கனத்தப் பத்தி?"

கனமான பெயரைச் சுமக்க முடியாமல் பிள்ளைகள் நோய்ப்படும் என்பதில் எங்கள் ஆட்களுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. குழந்தைக்குச் சோம்புத் தண்ணீர் புகட்டினார்கள், பெயரையும் எடுத்தார்கள். அது தூங்கிப்போனது. சோம்புக்கு யாராவது ஒரு வார்த்தை நன்றி சொன்னார்களா? புகழ் முழுவதும் பூபிக்கே.

அன்றிலிருந்து பெயர்த் தேர்வு தொடங்கியது. பூபியின் முறை இதுதான். முதலில் ரஸ்க்கைத் தேநீரில் நனைத்தபடி பெயரை மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். ரஸ்க் உடைந்து கோப்பைக்குள் விழுந்தால் சகுனம் சரியில்லை. (நனைத்த ரஸ்க் என்றைக்கு உடையாமல் இருந்திருக்கிறது?) அதிலும் தப்பிய பெயரை வகாஸ் வெள்ளைக்காரி குரலில் சொல்லிக்காட்ட வேண்டும். நாள் முழுக்க டாக்ஸியில் அவர்கள் பேச்சைக் கேட்டவன், மூக்காலேயே அருமையாகச் சொல்வான். பிறகு மாடிப்படியின் அடியில் நின்று, மேலே இருக்கும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோலக் கூவிப் பார்ப்பாள். கடைசியாக அந்தப் பெயரைச் சொல்லித் திட்டிப் பார்ப்பாள். திட்டுவதற்கு வராத பெயரெல்லாம் ஒரு பெயரா?

இத்தனையும் தாண்டித் தவழ்ந்து வரும் பெயரை ஒரே ஒரு வாக்கியம் வாசலில் காத்திருந்து அடித்துப்போடும். "அந்தப் பேர்ல ஒருத்திய எனக்குத் தெரியும்."

ஸாரா என்று ஆரம்பித்தாள் ஸனோபர்.

"தெருவுல பாதிப் பேரு ஸாரா. ஒருத்தியச் சாப்பிடக் கூப்புட்டா அஞ்சு பேரு தட்டோட வருவாளுக."

குலூத் என்றான் வகாஸ், முதல் எழுத்தை அடித்தொண்டையிலிருந்து எடுத்து. வெள்ளைக்காரி குரலில் அவனே அதைச் சொன்னபோது தொண்டையில் மீன் முள் மாட்டியதுபோல இருந்தது.

"பேரக் கூப்புடுறாளா, சளியக் காறுறாளா?" என்றாள் பூபி.

மர்யம் என்றதும் பூபி முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "நபியப் பெத்த தாயோட பேரு! அத வச்சுக்கிட்டு, ‘ஏ மர்யம், மூக்கத் தொடைடி’ன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நாக்கு அழுகிப் போகாதா?"

ஷைஸ்தா எல்லாச் சோதனையிலும் தேறினாள். படிக்கட்டில்கூடத் தெளிவாக ஒலித்தாள். ஸனோபர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பேர்ல ஒருத்திய எனக்குத் தெரியும். ஹேலிஃபாக்ஸ்ல கட்டிக் குடுத்தாங்க. மாப்பிள்ள சூதாடி."

"அவன் சூதாடுனா அவ பேரு என்ன பூபி பண்ணும்?" என்றான் வகாஸ்.

"அவன் பேரும் சரியில்ல."

பொறுக்க முடியாமல் வகாஸ் பள்ளிவாசல் இமாமுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான். நல்ல அர்த்தம் உள்ள எந்தப் பெயரும் நல்ல பெயரே என்றார் அவர். இதைவிடத் தெளிவாக ஒருவர் என்ன சொல்ல முடியும்?

"அவருக்கு ஆறு பொட்டப்புள்ள," என்றாள் பூபி, போன் அணைவதற்கு முன்பே. "கைக்குக் கெடச்ச பேர வச்சுத் தள்ளிவிட்டவரு. அவருகிட்டப் போயிக் கேக்குறியே!"

இமாம் அவசரமாக ஸலாம் சொல்லி விடைபெற்றார்.

"அப்ப நீங்களே ஒரு பேரச் சொல்லுங்க பூபி," என்றான் வகாஸ்.

"சொல்றேன். அவசரப்பட்டா வருமா?"

இதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். முகம் சுளிப்பவரிடம் சொந்தச் சரக்கு இருக்காது. மற்றவர்கள் கொண்டுவந்து வைப்பதை மோந்து பார்த்துத் தள்ளுவதே அவருக்கு முழுநேர வேலை. வகாஸ் டாக்ஸி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அந்த மாதம் அவன் நன்றாகச் சம்பாதித்தான். வீட்டுக்கு வரப் பயந்த ஆள் வேறென்ன செய்வான்?

குழந்தை கொழுத்தது, சிரித்தது, தடுப்பூசி அட்டையில், குடும்பப் பெயரை ஒட்டி எழுதிய ‘பேபி ஹுசைன்’ என்ற பெயரோடு ஊசியும் போட்டுக்கொண்டது. ரிம்ஷா ஊரிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, வருவியா மாட்டியா? எங்க மாமியாரு புள்ள பேரு என்னன்னு தெனமும் கேக்குறாங்க. நான் ‘பேபி’ன்னு சொல்லி வச்சிருக்கேன். அது கிறிஸ்தவப் பேரான்னு கேக்குறாங்க."

"வர்றேன்டி," என்றாள் ஸனோபர். சொன்னபின், சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆறாவது வாரமும் வந்தது. மறுநாள் பதிவு அலுவலகத்தில் நேரம் குறித்திருந்தார்கள். மதியம் வீட்டில் இரண்டு பெண்களும் குழந்தையும்தான். பூபி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தக் கைபட்டால் எந்தக் குழந்தையும் அடங்கிவிடும். ஸனோபர் வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்தாள். தனக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. தெரியாத பெயர் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது.

"பூபி, உங்க பேரு என்ன?"

எண்ணெய்க் கை நின்றது.

"பூபி."

"அது உறவு. பேரு?"

"அது எதுக்கு இப்ப?"

"இத்தன வருஷமா ஒரே குடும்பம். எனக்குத் தெரியலையே."

பூபி குழந்தையின் முழங்காலைப் பார்த்தபடி பேசினாள். "எங்க வீட்டுக்காரரு ‘கேக்குதா’ம்பாரு. தையல் ஆலையில சூப்பர்வைசரு டாலின்னான். அப்புறம் நீங்கல்லாம் பூபின்னீங்க." பிறகு கூச்சத்தோடு, வேறு யாருடைய பொருளையோ கேட்காமல் எடுப்பதுபோல, "தில்ஷாத்," என்றாள்.

மகிழ்ந்த மனம் என்று அர்த்தம். ஸனோபர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"எவ்வளவு நல்லா இருக்கு! பூபி, பாப்பாவுக்கு இதையே வச்சிருவோமே."

"வேணாம்," என்றாள் பூபி. "அந்தப் பேர்ல ஒருத்திய எனக்குத் தெரியும்."

எண்ணெய்க் கை மறுபடி குழந்தையின் காலில் ஓடியது.

"சின்னப் புள்ளயா இங்க வந்தா. பள்ளிக்கூடம் போவணும்னு ஆச. தையல் மெஷினு முன்னால உக்கார வச்சாங்க. புருசன் ரெண்டாவதா ஒருத்தியக் கட்டிக்கிட்டு ஊரோட போயிட்டான். ஒண்ணும் வெளங்கல."

குழாய்த் தண்ணீர் மறைக்காத இடத்தில் ஸனோபருக்கு அழத் தெரியாது. அதனால் வாயைத் திறந்தாள்.

"அவள எனக்கும் தெரியும் பூபி. தாயில்லாத பையன் ஒருத்தன வளத்து ஆளாக்குனவ. நல்லாத்தான் இருக்கா. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்."

பூபி நிமிர்ந்தாள். மாமியார் ஸ்தானத்தில் இருப்பவளிடம் இப்படிப் பேசியவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை.

"அடி ஊமைக் கோட்டான்!" என்றாள் பூபி. "இத்தன நாளு இத எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?" எண்ணெய்க் கையாலேயே ஸனோபரின் தொடையில் ஒன்று வைத்தாள். சிரிப்பு வந்தது, அது இருமலாக மாறியது, இருமல் எதுவாகவோ மாறும் முன் குழந்தையைத் தூக்கி ஸனோபரின் மடியில் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள்.

மாடிப்படியின் அடியிலிருந்து சத்தம் வந்தது. "தில்ஷாத்!"

சாப்பிடக் கூப்பிடும் குரல் அல்ல. இன்னொரு தடவை, மெதுவாக. "தில்ஷாத்..."

மேலே யாரும் இல்லை என்பது பூபிக்கும் தெரியும். துப்பட்டாவில் மூக்கைத் துடைத்தபடி திரும்பி வந்தாள்.

"படிக்கட்டுல ஒண்ணும் மோசமில்ல."

"திட்டிப் பாக்கலையா?"

"அது வேணாம்," என்றாள் பூபி. "இந்தப் பேரு வாங்க வேண்டிய திட்டெல்லாம் வாங்கியாச்சு."

மறுநாள் பதிவு அலுவலகத்தில் வெள்ளைக்காரி பெயரை உரக்கப் படித்தாள். ‘டில்ஷாட்’ என்று வந்தது. வகாஸ் பயந்துபோய்ப் பூபியைப் பார்த்தான்.

"பரவால்ல," என்றாள் பூபி. "பல்லு அமைப்பு அப்படி. அவ என்ன பண்ணுவா?"

பாஸ்போர்ட் வந்தது. ஸனோபர் குழந்தையோடு மீர்ப்பூர் போய் இறங்கினாள், பூபியும் கூடவே. கல்யாணப் பந்தலில், ரிம்ஷாவின் மாமியார் குழந்தையை வாங்கிக் கொஞ்சிவிட்டுப் பெயரைக் கேட்டாள். கேட்டபின் ஒரு நொடி பேசவில்லை.

"தில்ஷாத்தா? பழைய பேரா இருக்கே. அந்தப் பேர்ல எங்க பக்கத்துல ஒருத்தி..."

"யாரு?" என்றாள் பூபி, கோர்மாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு. "எந்தத் தெரு? யாரு மக? அவளுக்கு என்ன கொறச்சல்? சொல்லுங்க, நாங்களும் கேட்டுக்கறோம்."

மாமியாருக்குத் திடீரென்று வேறு விருந்தினர்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஸனோபர் குனிந்து குழந்தையின் தொப்பியை அவிழ்த்துக் கட்டினாள். சிரிப்பை மறைக்க அதுதான் அகப்பட்டது.

பூபி திருந்திவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த மேஜையில் ஒருத்தி தன் பேரனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூபியின் காது அந்தப் பக்கம் போனது. ஒரு புருவம் மேலே எழுந்தது.

உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்றுதானே இருக்கிறீர்கள்? கீத்லி எங்கே, நீங்கள் எங்கே! ஆனால் சற்று முன் தில்ஷாத் என்று படித்தபோது, ‘அது ஆம்பளைக்கு வைக்கிற பேர் இல்லையா?’ என்று உங்களுக்குள் ஒருவர் கேட்டாரே, அவரைக் கொஞ்சம் வெளியே கூப்பிடுங்கள். அவர் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. உங்கள் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள், வந்துவிடுவார்.