என் ரைஃபிளுக்குப் புதுக் குழல் பார்த்த விவகாரம்

எல்க் ஹாலோ, விஸ்கான்சின்
வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு

பெருமதிப்பிற்குரிய மச்சான் டுவேன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மார்லிஸின் கணவன் ஹார்லன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அரிசோனா வெயிலில் நீங்களும் லவோன் அக்காவும் வாடாமல் வதங்காமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் சபையில் வேண்டிக்கொள்கிறோம். இங்கே பனி போய்விட்டது, அதன் இடத்துக்குக் கொசு வந்துவிட்டது, என் முழங்கால் வலி மட்டும் எங்கேயும் போகவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

நம் துப்பாக்கி சுடும் சங்கத்தின் நால்வர் அணியில் உங்கள் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் நீங்கள் ஊரைக் காலி செய்தீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையும் மாநிலப் போட்டிக்குப் போகும் வண்டியில் ஜன்னலோர இருக்கை என்னுடையதுதான். இந்த ஏப்ரல் மாதத்து முதல் போட்டியில், அறுநூறு கஜத்தில் படுத்துச் சுடுகிறேன், குண்டெல்லாம் மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஒன்று வடக்கே போகிறது, ஒன்று தெற்கே போகிறது, நடுவில் இருக்கும் பத்து வளையத்துப் பக்கம் மட்டும் ஒன்றும் தலைகாட்டவில்லை. சுட்டு முடித்து எழுந்தால் அணித் தலைவி வெர்னா என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள் அல்லவா, மெதுவாகப் பேசினாலே கடைசி சீட்டுவரைக்கும் கேட்கும்.

"ஹார்லன், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. ஒண்ணு உங்க பேரல் போயிருக்கு, இல்ல உங்க கண்ணு போயிருக்கு. ஜூன் மாசத் தேர்வுக்குள்ள எதுன்னு பாத்துச் சரி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா நாலாவது இடத்துக்கு அடுத்த ஆள் ரெடியா இருக்கு."

"யாரு அந்த அடுத்த ஆளு?" என்றேன்.

வெர்னா எங்கள் டிரக் பக்கம் பார்த்தாள். அங்கே உங்கள் தங்கை பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, அது இதுதான் மச்சான். துப்பாக்கியை எந்தத் தோளில் வைப்பது என்பதுகூட நான் சொல்லிக்கொடுத்து வந்தவள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். "கண் டாக்டர்கிட்ட போலாம் வா." எனக்கு எதற்குக் கண் டாக்டர்? சுவிஸ் பாலாடைக்கட்டியில் ஓட்டை சரியான அளவில் விழுந்திருக்கிறதா என்று காலமெல்லாம் பார்த்து முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன் நான். நேற்றுகூட வேலிக்கு அப்பால் அரை மைல் தூரத்தில் ஒரு காட்டு வான்கோழி நிற்பதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். அது தபால்காரர் என்று மார்லிஸ் சொல்கிறாள். அவளுக்குப் பொறாமை.

"சரி, உன் ரைஃபிளைக் கொடு, நான் ஒரு பத்துக் குண்டு போட்டுப் பாக்குறேன். எனக்கு நல்லா விழுந்தா உன் கண்ணுதான் கோளாறு. விழலேன்னா பேரல். அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சு போயிரும்" என்றாள்.

ஒருத்தர் ரைஃபிளை இன்னொருத்தர் தோளில் வைத்தால் பழக்கம் கெட்டுப்போகும், கன்னம் பதியும் இடம் மாறிப்போகும் என்று நான் விளக்கமாக எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

மறுநாளே நான் எல்ராயிடம் போனேன். தீவனக் கடைக்குப் பின்னால் துப்பாக்கிப் பட்டறை வைத்திருக்கிறானே, அவனேதான், இன்னும் பேசிக்கொண்டேதான் இருக்கிறான். குழலுக்குள் நூல் மாதிரி ஒரு காமிராவை விட்டு, குண்டு கிளம்புகிற தொண்டைப் பகுதியைத் திரையில் காட்டினான். "வத்துன ஏரி மாதிரி வெடிச்சுக் கிடக்குய்யா ஹார்லன். எத்தனை ஆயிரம் குண்டு போயிருக்கும் இதுல! தொண்டை புண்ணாப் போச்சு." மச்சான், உடைந்துபோன சாமானைப் பார்த்து உலகத்தில் எவனும் இப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். எல்ராயைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண் இல்லை, குழல்தான்! குழலை மாற்றிவிடலாம், கண்ணை மாற்ற முடியுமா?

ஆனால் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுகூடச் சுலபம், ரைஃபிளுக்குக் குழல் பார்ப்பது இருக்கிறதே, அப்பப்பா. உள்ளே குரோம் பூசினது வாங்கினால் நீண்ட நாள் உழைக்குமாம், ஆனால் குண்டு கொஞ்சம் சிதறுமாம். துருப்பிடிக்காத எஃகில் வாங்கினால் சொன்ன இடத்தில் போய் உட்காருமாம், ஆனால் சீக்கிரம் தேய்ந்துபோகுமாம். ஆயுசு வேண்டுமா, குறி வேண்டுமா என்று நான் ஒரு வாரம் தூக்கமில்லாமல் புரண்டேன். மார்லிஸ் போர்வையை இழுத்துக்கொண்டே, "இன்னும் எத்தனை வருஷம் சுடுறதா இருக்க? அதைச் சொல்லு, அதுக்குத் தகுந்த மாதிரி வாங்கிரலாம்" என்றாள். இதெல்லாம் புருஷனிடம் கேட்கிற கேள்வியா?

எஃகு என்று முடிவு செய்தால் அடுத்து முறுக்கு. குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரி ஏழு அங்குலத்துக்கு ஒரு சுற்றா, எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றா? தூரத்துக்குப் போகிற நீளக் குண்டுக்கு ஏழுதான் என்று எல்ராய் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறான். எட்டே தாராளம், ஏழு என்பவனுக்குப் புத்தி மட்டு என்று வெர்னா. இந்த ஒரு அங்குலத்துக்காக அவர்கள் இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை, வெள்ளிக்கிழமை மீன் விருந்தில்கூட ஆளுக்கு ஒரு மூலையில்தான் உட்காருகிறார்கள். அணியில் இடம் கொடுப்பவள் வெர்னா, குழலை மாட்டப் போகிறவன் எல்ராய். நான் எல்ராயிடம் ஏழு என்றேன், வெர்னாவிடம் எட்டு என்றேன், வாங்கினது ஏழு. இதை நீங்கள் வெர்னாவுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

குழல் செய்கிற பெரிய ஆட்களைக் கேட்டால் ஒருத்தர் அறுவடைக்கு அப்புறம் என்கிறார், ஒருத்தர் கிறிஸ்துமஸுக்கு என்கிறார். கடைசியில் கையிருப்பு வைத்திருந்த ஒரு கடைக்காரனை அந்த மீன் விருந்துக் கூடத்திலிருந்தே போனில் பிடித்தேன். அங்கே இருந்த இரைச்சலில் அவன் என்ன கேட்டானோ, எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வாசலில் நீளமான அட்டைக் குழாய் வந்து இறங்கியது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, பிரிக்காமலேயே எல்ராய் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். வெட்டியாகக் காபி குடிக்க வந்த நாலு பேர் கூடி நிற்க, கத்தியால் பிரித்து, மரியாதையாக இரண்டு கையாலும் வெளியே எடுத்தால், திரைச்சீலைக் கம்பி. இரண்டு முனையிலும் பித்தளைக் குமிழ் வேறு. "முறுக்கு எவ்வளவு ஹார்லன், ஏழா எட்டா?" என்று ஒருத்தன் கேட்டான் பாருங்கள், நான் இன்னும் அந்தத் தீவனக் கடைப் பக்கம் பகலில் போவதில்லை. வீட்டுக்கு வந்தால், தான் கேட்டிருந்த திரைச்சீலைக் கம்பி என்று நினைத்து இன்னொரு அட்டைக் குழாயைப் பிரித்து, மார்லிஸ் என் குழலைக் கையில் வைத்துக்கொண்டு ஹால் ஜன்னலுக்கு அளவு பார்த்துக்கொண்டிருக்கிறாள். "கம்பி ரொம்பக் கனமா அனுப்பியிருக்கானுங்க, ஒரு பக்கம் பெருசா ஒரு பக்கம் சிறுசா இருக்கு" என்று குறை வேறு.

சரி, எடுத்துக்கொண்டு போய் எல்ராய் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். அப்போதுதான் தெரிந்தது, நான் போட்ட ஆமாம்களில் ஒன்று குட்டை ரைஃபிளுக்கானது என்று. நம்முடையது ஒரு குண்டு போனால் அதன் புகை விசையிலேயே அடுத்த குண்டு தானாக வந்து உட்காரும் ரகம். அந்தப் புகை வெளியேறும் துளை இந்தக் குழலில் அரைச் சாண் முன்னாலேயே இருக்கிறது, குழாய் பொருந்தவில்லை. "இதுல ஒரு குண்டு சுட்டுட்டு அடுத்ததை நீ கையால ஊட்டணும்" என்றான் எல்ராய். திருப்பி அனுப்பி, சரியானதை வரவழைத்து, ஒரு வழியாகப் போன வாரம் மாட்டியாயிற்று.

மாட்டினால் போதுமா? புதுக் குழலைப் பழக்க வேண்டும். ஒரு குண்டு சுடு, உள்ளே துணி விட்டுத் துடை, ஒரு குண்டு சுடு, துடை. இதற்கு என்ன காரணம் என்று கேட்டால் எவனுக்கும் தெரியாது, செய்யாமல் விடவும் எவனுக்கும் தைரியம் கிடையாது. சனிக்கிழமை முழுக்க நானும் எல்ராயும் ஞானஸ்நானம் கொடுப்பதுபோல் அதைச் செய்தோம், மார்லிஸ் டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து பாலாடைக்கட்டித் துண்டு கொறித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எல்ராய் மணல்மூட்டையில் வைத்து நூறு கஜத்தில் ஐந்து குண்டு சுட்டான். ஐந்தும் ஒரு சின்னக் காசுக்குள் அடங்கிவிட்டன! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மச்சான். அதன்பிறகு நான் சுட்டேன். ஒரு காபித் தட்டு அகலத்துக்கு விழுந்தது. அது காற்று. அந்த நேரம் பார்த்துக் காற்று எழுந்துவிட்டது. கொடி அசையவில்லையே என்று மார்லிஸ் சொன்னாள், அது தாழ்வாக அடித்த காற்று.

ஆகவே நான் நல்ல நம்பிக்கையோடு இருக்கிறேன். வருகிற ஞாயிறு தேர்வு. இருப்பது ஒரே இடம், நானா அவளா. இந்தக் குழல் இருக்கும்போது எனக்குப் பயமே இல்லை. உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தோற்ற பிறகு மார்லிஸ் மனசு உடைந்துபோவாள். நீங்கள் அண்ணனாக இருந்து போனில் நாலு ஆறுதல் வார்த்தை சொல்லுங்கள். அனுபவம் என்று ஒன்று இருக்கிறது, புருஷன்தானே ஜெயித்தான், இப்படி ஏதாவது. இப்போது அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டு, "எழுதி முடிச்சியா? சீக்கிரம் அனுப்பு, அண்ணன் சிரிச்சு நாளாச்சு" என்கிறாள்.

லவோன் அக்காவுக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் வீட்டு ஏசியைப் பழுதில்லாமல் ஓடவைத்து, உங்கள் இருவரையும் நிழலிலேயே காப்பாராக.

என்றும் உங்கள் அன்புள்ள
ஹார்லன்

பி.கு.: இன்று செவ்வாய் சாயங்காலம். தபால்தலை தேடிக்கொண்டிருந்ததில் கடிதம் மேஜையிலேயே கிடந்துவிட்டது. மேலே எழுதியிருப்பதில் லவோன் அக்காவைப் பற்றினதைத் தவிர மற்றதையெல்லாம் மறந்துவிடுங்கள்.

ஞாயிறு தேர்வில் இருநூறு கஜம் சுமாராகப் போனது, நானும் மார்லிஸும் கிட்டத்தட்டச் சமம். அடுத்தது முந்நூறு கஜம். உங்களுக்குத் தெரியும், நின்றிருந்து, இலக்கு எழும்பியதும் சட்டென்று படுத்து, எழுபது வினாடிக்குள் பத்துக் குண்டையும் விட வேண்டும், சோதனைக் குண்டு கிடையாது. நான் பதினைந்தாம் எண் இலக்கு, மார்லிஸ் பக்கத்திலேயே பதினாலு. படுத்தேன், சுட்டேன். மச்சான், என் வாழ்நாளில் இப்படிச் சுட்டதில்லை. ஒவ்வொரு குண்டும் கையை விட்டுப் போகும்போதே பத்து என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து மார்லிஸைப் பார்த்து, பெரிய மனசோடு, "நல்லாத்தான் சுட்ட" என்றுகூடச் சொன்னேன். இலக்குகளைக் குழிக்குள் இறக்கி எண்ணினார்கள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குழியிலிருந்து வெர்னாவுக்குப் போன் வந்தது. அவள் கேட்டுவிட்டு எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "பதினாலுல இருபது ஓட்டை. எல்லாம் பத்து வளையத்துக்குள்ள. பதினஞ்சுல ஒரு ஓட்டைகூட இல்ல."

பதினாலு என்று எழுதியிருந்த பலகை எனக்குப் பதினைந்தாகத்தான் தெரிந்தது. இருபதில் எது அவளுடையது, எது என்னுடையது என்று பிரிக்க வழியில்லை, எல்லாம் ஒரே அளவு ஓட்டை, எல்லாம் பத்து. சட்டப்படி அவளுக்கு நூறு, எனக்கு முட்டை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நிஜத்தைச் சொல்கிறேன், அந்த இலக்கு மேலே வந்தபோது, என்னுடையதும் அவளுடையதும் ஒரே கொத்தாக நடுவில் கிடந்ததைப் பார்த்து, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மார்லிஸ் தன் ரைஃபிளைக் கீழே வைத்தாள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழி முழுக்க ஒரு தரம்கூடக் கேலி செய்யவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நேற்று கண் டாக்டர் பார்த்துவிட்டார், இரண்டு கண்ணிலும் புரையாம். அவரிடம் மே மாதமே நேரம் வாங்கி வைத்திருக்கிறாள் மார்லிஸ், கள்ளி. அடுத்த மாதம் ஒரு கண், அதற்கடுத்த மாதம் இன்னொன்று. கண்ணையும் மாற்றலாமாம் மச்சான், உள்ளே இருக்கிற வில்லையை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துவிடுவார்களாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. மாநிலப் போட்டிக்கு அவள் போகிறாள், என் ரைஃபிளோடு. இப்படிச் சுடுகிற குழலை வீட்டில் விட்டுப் போகக் கூடாது என்று வெர்னாவின் உத்தரவு. "கண்ணு சரியானதும் அடுத்த வருஷம் உன்னைத் தோக்கடிச்சு என் இடத்தைப் பிடிச்சுக் காட்டறேன் பாரு" என்றேன்.

"வா, பாத்துரலாம். ஆனா இந்த ரைஃபிள் எனக்குப் பிடிச்சுப் போச்சு, திருப்பித் தர்றதா இல்ல. நீ எல்ராய்கிட்ட போய் உனக்கு வேற ஒரு பேரல் பாக்க ஆரம்பி" என்று சொல்லிவிட்டு, உங்கள் தங்கை அதை எடுத்துத் துடைக்க உட்கார்ந்துவிட்டாள்.