ஒற்றைக்கண்ணனைச் சுடாதே

தியேட்டரில் தூங்கிய ஆள், தான் தூங்கியதை ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டான். கண்ணை மூடிக்கொண்டு வசனம் கேட்டேன் என்பான். என் கதை அதைவிட மோசம். நான் தூங்கியது எனக்கே தெரியாது. ஊர் கூடித்தான் எனக்குச் சொன்னது. அதுவும் பெண் கேட்டுப் போன வீட்டில் வைத்து.

எனக்குப் பேச வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. செம்மேட்டிலிருந்து அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு நாமக்கல் போகும் லாரியில் லோடு ஏற்றி இறக்கும் வேலை. தூக்கு, இறக்கு, போலாம். இந்த மூன்று சொல்லிலேயே பல வருஷம் ஓடிவிட்டது. (நாலாவது சொல் தேவைப்பட்டால் தலையை ஆட்டுவேன்.)

ஒருநாள் விடிவதற்கு முன்பே லோடு ஏற்றி மலை இறங்கினோம். நாமக்கல்லில் சரக்கை இறக்கி முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. லாரிக்கு ஏதோ ரிப்பேர்.

"சடையா, சாயங்காலம்தான் கெளம்பும். போயி படங்கிடம் பாரு சாமி" என்றார் டிரைவர்.

போனேன். இங்கிலீஷ் படம், ஆனால் தமிழில் பேசுவார்கள் என்றான் டிக்கெட் கொடுப்பவன். வாசலில் போஸ்டர். சிவப்புச் சட்டை போட்ட ஒருவன். கண்ணில் பட்டை கட்டிய ஒற்றைக்கண்ணன் ஒருவன். பின்னால் ஒரு அணைக்கட்டு தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருட்டு. குளுகுளு காற்று. மெத்தை வைத்த சேர். என் உடம்பு அதுவரை மெத்தையைத் தொட்டதில்லை. தொட்டதும் இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை.

சிவப்புச் சட்டைக்காரன் ஒரு பாலத்திலிருந்து ஓடுகிற லாரி மேல் குதித்தான். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. (அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.)

லாரி மலை ஏறியது. வளைவுக்கு வளைவு மேகம். அவன் இறங்கி நடந்தான், கால் தரையில் படவில்லை. இரண்டு பக்கமும் பலாமரம். ஒவ்வொரு பழத்துக்குள்ளும் விளக்கு எரிந்தது. ஓர் அருவி வந்தது. அருவிக்குச் சத்தமே இல்லை. அவன் தண்ணீருக்குள் புகுந்தான். உள்ளே அவன் அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். "ஏஞ்சாமி இத்தன நேரம்?" என்றாள். அப்போது ஒற்றைக்கண்ணன் வந்து நின்றான். இவன் துப்பாக்கியை எடுத்தான். "சுடாத கண்ணு, அவன் உன்ற தம்பி" என்றாள் அம்மா. அண்ணனும் தம்பியும் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். தம்பி அழுதான். நிறுத்தவே இல்லை. மேலேயிருந்து காப்பிப் பூ வெள்ளையாக உதிர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு பேர் தோளும் வெள்ளையாகிவிட்டது.

விளக்கைப் போட்டார்கள். ஜனம் கை தட்டியது. நானும் தட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மலைக்கு மேலே அந்தப் படத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். டீக்கடையில் கேட்டார்கள். சொன்னேன். என் வாயிலிருந்து அத்தனை பேச்சு வந்ததில் கடைக்காரர் பாலைப் பொங்க விட்டுவிட்டார்.

"ஏப்பா, இங்கிலீஷ்காரன் ஊட்டுல களி கிண்டுவாங்களா?"

"கிண்டுனாங்க."

"பலாப்பழத்துக்குள்ள லைட்டா?"

"எரிஞ்சுது."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பேசாத ஆள் பேசினால் நிஜமாகத்தான் இருக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்தச் சமயம் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ராசு ஒரு வீடியோ கேம் கடை போட்டான். வீட்டின் முன் அறைதான் கடை. ஒரு டிவி, ஒரு கேம் பெட்டி, ஒரு பெஞ்சு, ராசு உட்கார ஒரு மெத்தைச் சேர். உள் அறைக்கும் கடைக்கும் நடுவில் பூப்போட்ட திரை. திரைக்குப் பின்னால் அவன் தங்கச்சி மல்லிகா. மல்லிகாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பெரியப்பாதான் ஊர்க்கவுண்டர். அவர் ஒரு சொல் சொன்னால் முடிந்தது. "பையன் தேவையில்லாம வாயத் தொறக்கறதில்ல. தொறந்தா நெசம். அதுக்கே பொண்ணு குடுக்கலாம்" என்று சொல்லியிருந்தார். வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்ப்பது மட்டும் பாக்கி.

ராசு சேலத்திலிருந்து புது சிடி ஒன்று வாங்கி வந்தான். அட்டையில் அதே சிவப்புச் சட்டை, அதே ஒற்றைக்கண்ணன். அந்தப் படத்தை வைத்தே செய்த கேம்.

"நான் பாத்த படம்" என்றேன்.

ராசு குதித்தான். "ஏனுங்க, எல்லாருங் கேட்டுக்கோங்க! மாப்ள முழுப் படமும் பாத்தவரு. வழி தெரியலைன்னா அவரக் கேளுங்க."

அன்று கடையில் முழுக் கதையும் சொன்னேன். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து டிவியை மூடிக்கொண்டது. யாரும் துடைக்கவில்லை, கதையில் இருந்தார்கள். முடித்தபோது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தம்பி அழுகைய நிறுத்துனானாங்க?"

மல்லிகா என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குப் பதில் தெரியவில்லை.

"லைட்டப் போட்டுட்டாங்க" என்றேன்.

கேம் ஓட ஆரம்பித்தது. ராசுவுக்கு ஒரு பழக்கம். சந்தையில் பழம் விற்றவன் அவன். கீற்று அறுத்துக் கொடுத்து "எப்புடி?" என்று கேட்ட நாக்கு. ஆடிவிட்டு எழுந்திருக்கிற ஒவ்வொருவரையும் வாசலில் மறித்து, "கேமு எப்புடிங்க?" என்று கேட்பான். அவர்களும் மூஞ்சிக்கு நேராகச் சொல்வார்கள்.

பஸ் கிளீனர் மணி சொன்னான்: "ஆளு திரும்பறதுக்குள்ள நம்ம பஸ்ஸே கொண்டை ஊசி திரும்பிரும்ணா."

மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "சத்தம் அருமைங்க. ஆனா மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் அவன் முதுகுதான் தெரியுது. மூஞ்சியக் காட்டாதவன எப்புடி நம்பறது?"

காப்பிக்கொட்டை ஏவாரி சொன்னார்: "குண்டு பட்டா எந்திரிக்கறான். தண்ணில உழுந்தா ஒடனே சாவறான். நீச்சத் தெரியாதவனெல்லாம் என்னத்துக்குச் சண்டைக்கு வாரான்?"

அந்தத் தண்ணீரில்தான் என் வாழ்க்கை மாட்டியது.

அணைக்கட்டு வருகிற இடத்தில் எல்லோரும் திணறினார்கள். மேலேயிருந்து தண்ணீர் கொட்டும். பக்கத்தில் ஓர் இரும்பு ஏணி. மணி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணா, ஏணியா?"

"இல்ல. தண்ணிக்குள்ள போ. அம்மா இருப்பாங்க."

போனான். செத்தான்.

"இன்னொருக்கா போ. நல்லா உள்ள தள்ளிப் போவணும்."

போனான். செத்தான். மத்தியானம் முழுக்கச் செத்துக்கொண்டே இருந்தான். நான் பக்கத்தில் கை கட்டி நின்றேன். பொறுமை வேண்டும் என்றேன்.

வேறு ஒரு பையன், நான் இல்லாதபோது ஏணியில் ஏறி ஒற்றைக்கண்ணன் வரைக்கும் போய்விட்டான். சரியாக அப்போது நான் உள்ளே நுழைந்தேன்.

"சுடாத! அவன் இவனுக்குத் தம்பி!"

பையன் துப்பாக்கியை இறக்கினான். ஒற்றைக்கண்ணன் பீரங்கி மாதிரி ஒன்றை எடுத்துச் சுட்டான். டிவி சிவப்பாகிவிட்டது. பையன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

வாசலில் ராசு கேட்ட கேள்விக்கு இப்போது வேறு மாதிரி பதில் வந்தது. கேம் சரியில்லை. படத்தில் இருப்பதெல்லாம் இதில் இல்லை. பலாமரம் இல்லை. காப்பிப் பூ இல்லை.

"திருட்டு சிடிணா. அம்மாவ வெட்டிட்டானுங்க" என்றான் மணி.

ராசுவுக்குக் கோபம் வந்துவிட்டது. சிடியை எடுத்துக்கொண்டு சேலம் போய், விற்றவனிடம் சண்டை போட்டான். "அம்மாவ வெச்சு ஒரு சிடி குடு" என்றானாம். கடைக்காரன் "எந்த அம்மாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டானாம். கடைசியில் அவன், "படத்தோட சிடியே எடுத்துட்டுப் போங்க. இதுல எந்த அம்மாவும் இல்ல. நானே நாலுதரம் பாத்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டானாம்.

அந்தப் பேச்சு ராசுவுக்கு முன்னால் பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டது. பெரியப்பா காதுக்கும் போனது.

"பையன் சொன்னது பூராப் புளுகுங்கறாங்க" என்றார் அவர், பட சிடியோடு வந்து இறங்கிய ராசுவிடம். "நல்ல நாளு அன்னிக்குப் படத்தப் போடு. சனம் எப்புடியுங் கூடும். அம்மா வந்தா வெத்தல மாத்தலாம். வரலீன்னா, பொய் பேசற பையனுக்கு நம்ம ஊட்டுல பொண்ணு இல்ல."

என் அம்மா அழுதாள். நான் கவலைப்படவில்லை. பார்த்தவன் நான். படத்து அம்மா அருவிக்குள் இருந்தாள்.

அன்றைக்கும் விடியலில் ஒரு லோடு இருந்தது. ஏற்றிவிட்டுக் குளித்து, புது வேட்டி கட்டி ராசு வீட்டுக்குப் போனேன். அறை நிறைய ஆள். எங்கள் பக்கம், அவர்கள் பக்கம், கேம் ஆடுகிறவர்கள். மாப்பிள்ளைக்கு மரியாதை என்று ராசு அந்த மெத்தைச் சேரை எனக்குப் போட்டான். ஜன்னலைச் சாத்தினார்கள். அறை இருட்டானது. படம் ஆரம்பித்தது. சிவப்புச் சட்டைக்காரன் பாலத்திலிருந்து லாரி மேல் குதித்தான்.

"பாத்தீங்களா?" என்றேன் பெரியப்பாவிடம்.

அதுதான் நான் கடைசியாகச் சொன்னது.

பாறை அங்கேயே இருந்தது. காப்பிப் பூ இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. தம்பி அழுதுகொண்டுதான் இருந்தான். அம்மா தண்ணீருக்குள்ளிருந்து களியும் கீரையும் எடுத்து வந்தாள். முதல் உருண்டையைத் தம்பிக்குக் கொடுத்தாள். மழை வந்தது. மழைக்கும் சத்தம் இல்லை. நானும் அந்தப் பாறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஓர் உருண்டை கொடுத்தாள்.

ஜன்னலைத் திறந்தார்கள். வெளிச்சம்.

யாரும் டிவியைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மா முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். (அணை வெடித்தபோது அலமாரியில் டம்ளர் உருண்டதாம். நான் குறட்டையை நிறுத்தவில்லையாம். மணி பிற்பாடு சொன்னது.)

பெரியப்பா மெதுவாகக் கேட்டார். "படம் முடிஞ்சுதா மாப்ள?"

"முடிஞ்சுதுங்க."

"என்ன பாத்த?"

"அம்மா வந்தாங்க. களி குடுத்தாங்க. மழ பேஞ்சுது."

பெரியப்பா ராசு பக்கம் திரும்பினார்.

"ராசு, படத்துல களி வந்துச்சா?"

"இல்லீங்க பெரியப்பா. அணை ஒடஞ்சுது. ஒத்தக்கண்ணனத் தலகீழாக் கட்டித் தொங்கவுட்டுச் சுட்டுட்டாங்க."

எனக்குத் தூக்கம் முழுதாகப் போகவில்லை.

"அவனையா? சுட்டுட்டாங்களா?" என்றேன். என் குரல் உடைந்ததை நானே கேட்டேன்.

மணிதான் முதலில் சிரித்தான். பிறகு மருந்துக்கடைக்காரர். பிறகு கூரை. நான் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெல்ல மெல்ல எனக்குப் புரிந்தது. நாமக்கல், மெத்தை, குளிர்க்காற்று. நான் பார்த்த படத்தில் பாலத்துக்கு அப்புறம் எல்லாமே என்னுடையது. எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தேன். கால் மரத்திருந்தது.

அந்தச் சிரிப்புக்குள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி அழுகைய நிறுத்துனானாங்க?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

இந்த முறை எனக்குப் பதில் தெரிந்தது.

"நிறுத்திட்டான்" என்றேன்.

பெரியப்பா மீசையைத் தடவினார். "பையன் பொய் சொல்லல. பாத்ததத்தான் சொல்லியிருக்கான். தூங்கறவனுக்குப் பொண்ணு குடுக்கக் கூடாதுன்னு எந்த ஊர்லயுஞ் சட்டமில்ல. வெத்தல எடுங்க" என்றார்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் மல்லிகா சொன்னாள். மத்தியானம் ராசு சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில் அவள் அந்த கேமைத் தனியாக ஆடி முடித்துவிட்டாளாம். ஏணி ஏறி, அணை தாண்டி, ஒற்றைக்கண்ணனையும் சுட்டு முடித்துவிட்டாளாம். மலையில் அதை முடித்த ஒரே ஆள் அவள். அம்மா இல்லை என்பது அவளுக்கு முதலிலேயே தெரியும்.

"அப்புறம் ஏன் பேசாம இருந்த?"

"அந்தக் கேமு சுமாருங்க. கதையே இல்ல. நீங்க சொன்னதுதான் நல்லாருந்துச்சு."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் படுத்திருக்கும்போது யாராவது தேடி வந்தால், "அவரு படத்துக்குப் போயிருக்காருங்க" என்பாள் மல்லிகா. மணி இப்போது கண்டக்டர். பஸ்ஸில் என்னைப் பார்த்தால் டிக்கெட் கிழிப்பதற்கு முன்பு, "தம்பி சௌக்கியமாணா?" என்று கேட்பான். புதிதாக வந்தவர்கள் எனக்கு ஒரு தம்பி இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

என் மகள் அந்தப் பழைய கேமை செல்போனில் எங்கிருந்தோ இறக்கி வைத்திருக்கிறாள். நன்றாக ஆடுவாள். ஏணி ஏறுவாள், அணை தாண்டுவாள். கடைசியில் ஒற்றைக்கண்ணன் வந்து நிற்பான். அப்போது மட்டும் விரலை எடுத்துவிடுவாள்.

"சுடு கண்ணு" என்பேன்.

"சித்தப்பாவ எப்புடிப்பா சுடறது?" என்பாள்.

சாவாள். மறுபடி ஆடுவாள்.